கண்ணாடிக் கடையில் ஒரு சாட்சி

மூக்குக்கண்ணாடி வியாபாரத்தில் யாரும் வெளியே சொல்லாத ஒரு வசதி உண்டு. வாங்க வருகிறவருக்குப் பாதி நேரம் தன் முகமே தெரியாது. புது ஃப்ரேமைப் போட்டுப் பார்க்க வேண்டுமானால் பழையதைக் கழற்ற வேண்டும். கழற்றிவிட்டால் நிலைக்கண்ணாடியில் தெரிவது வெறும் கலங்கல். புது ஃப்ரேமில் இருப்பதோ பவர் இல்லாத வெற்று பிளாஸ்டிக். மூக்கு முட்டுகிற அளவுக்குக் கிட்டே போய், கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு, கடைசியில் விற்கிறவர் பக்கமே திரும்பி, "எப்படி இருக்கு?" என்று கேட்பார்கள்.

அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியே பல வருஷமாகக் குடும்பம் நடத்தியவள் அக்கா. கடையில் எல்லோருக்கும் அவள் அக்கா. அவளைவிட வயதில் மூத்த முதலாளியும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். கண் பரிசோதிக்கும் பெண்ணுக்கும், பில் போடுகிற பெண்ணுக்கும், தண்ணீர் கேன் கொண்டுவருகிறவருக்கும் அவள் அக்காதான். நாக்கில் சர்க்கரைப் பாகு காய்ச்சி வைத்திருக்கிறாள் என்று பில் போடுகிறவள் சொல்வாள். அதில் கொஞ்சம் பொறாமையும் இருந்தது.

அக்காவிடம் மூன்று நான்கு வாக்கியங்கள் எப்போதும் தயாராக இருக்கும். இளைஞன் என்றால், இதைப் போட்டதும் உங்கள் பேச்சுக்கே ஒரு எடுப்பு வந்துவிட்டது. நடுத்தர வயது என்றால், பத்து வயது குறைந்துவிட்டது. பெரியவர் என்றால், ஒரு கம்பீரம். சிரித்துக்கொண்டே சொல்வாள், சொல்லும்போது கண் ஃப்ரேமின் காதுப்பிடியில் தொங்கும் விலைச்சீட்டில் இருக்கும். முகத்தைப் பார்க்கவே மாட்டாளா என்றால், பார்ப்பாள். ஆள் மசிகிறாரா இல்லையா என்று பார்ப்பதற்கு.

போனில் படம் எடுத்துக் காட்டலாமே என்று நீங்கள் கேட்கலாம். தன்னைப் படத்தில் பார்த்துச் சந்தோஷப்பட்ட மனுஷர் எத்தனை பேர்? படம் எடுத்தால் வியாபாரம் படுத்துவிடும் என்பது அக்கா கண்ட அனுபவம். அதற்குப் பதிலாக அவள் கண்டுபிடித்தது 'சாட்சி'. வந்தவர் வாங்கலாமா வேண்டாமா என்று இழுத்துக்கொண்டிருக்கும்போது, கடையில் அந்தப் பக்கம் போகிற யாரையாவது அக்கா கூப்பிடுவாள். "ஒரு நிமிஷம், இதைக் கொஞ்சம் பாரேன்." கூப்பிடப்பட்டவர் உடனே நின்றுவிடக் கூடாது. இரண்டு எட்டு தாண்டிப் போய், வேலை இருக்கிற மாதிரி திரும்பி, ஒரு கணம் பேசாமல் இருந்து, பிறகு "அட" என்று சொல்ல வேண்டும். அந்த 'அட'வை எப்படி இழுப்பது என்றுகூட அக்கா சொல்லிக் கொடுத்திருந்தாள். கடையில் அதற்கு ஒத்திகையே நடக்கும்.

இந்தக் கடைக்குத்தான் பாப்பா வந்து சேர்ந்தான்.

பாப்பா என்றதும் சின்ன உருவத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். வாசலில் குனிந்துதான் வருவான். மேலுதட்டை மறைக்கிற மீசை. நாற்பதைத் தாண்டிய வயது. முதலாளியின் லென்ஸ் குடோனில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவன். ஒருநாள் டீயில் சர்க்கரை போட மறந்துவிட்டார்கள் என்று அவன் கண் கலங்கியதைப் பார்த்து லாரிக்காரர் ஒருவர் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. குடோனை முதலாளி வாடகைக்கு விட்டுவிட்டதால் அவனைக் கடைக்கு அனுப்பினார். விற்பனையில் பழக்குகிற வேலை அக்காவின் தலையில் விழுந்தது.

முதல் நாளே அக்கா சாட்சி சமாசாரத்தை விளக்கினாள். பாப்பா வாயைத் திறந்துகொண்டு கேட்டான்.

"அப்ப பொய் சொல்லணுமா அக்கா?"

"பொய்யின்னு யாருப்பா சொன்னது. எடுக்கலாமா வேணாமான்னு தவிக்கிறாங்கல்ல, அவங்களுக்கு ஒரு தைரியம் குடுக்கறோம். அவ்வளவுதான்."

"அது அவங்களுக்கு நல்லா இல்லைன்னா?"

"நல்லா இல்லாததை நான் எடுத்துக் குடுப்பேனா பாப்பா?"

அதைக் கேட்டதும் அவன் முகம் தெளிந்துவிட்டது. அக்கா நல்லா இல்லாததை எடுத்துக் கொடுக்க மாட்டாள், விஷயம் முடிந்தது. வேறு யாராக இருந்தாலும் கண்ணடித்துவிட்டுப் போயிருப்பார்கள். அவன் அதை அப்படியே நம்பினான். வந்த வினை அங்கேதான் தொடங்கியது.

அந்த வாரமே ஒரு பையன் வந்தான். புதிதாக வேலை கிடைத்தவன், இஸ்திரி கலையாத சட்டை. அக்கா அவனுக்குக் தடிமனான கறுப்பில் விலைகூடிய ஒன்றைப் போட்டுவிட்டு, பாப்பாவைக் கூப்பிட்டாள். பாப்பா இரண்டு எட்டு தாண்டினான், திரும்பினான், "அட" என்றான். ஒத்திகையில் வந்ததைவிட நன்றாகவே வந்தது. பிறகு அந்தப் பையனின் முகத்தைப் பார்த்தான். நெற்றி சுருங்கியது. அக்காவிடம் குனிந்து, உதவி செய்கிற குரலில், பையனுக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"அக்கா, நீங்க கவனிக்கலை போல. இவருக்கு இது நல்லா இல்ல. கண்ணாடி மட்டும்தான் தெரியுது, ஆளைக் காணோம்."

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. பையன் ஒரு வினாடி திகைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "அப்ப எது நல்லாயிருக்கும், நீங்களே சொல்லுங்க" என்றான். பாப்பா தட்டில் இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்து அவன் முகத்துக்கு நேரே பிடித்து, வேண்டாம், வேண்டாம் என்று வைத்துக்கொண்டே வந்து, விலை குறைந்த ஒன்றில் நின்றான். "இது. இதுல நீங்க இருக்கீங்க." பையன் அதை வாங்கிக்கொண்டு போனான்.

பின்னால், ஃப்ரேம் கழுவுகிற தொட்டி அருகே அக்கா அவனைப் பிடிபிடியென்று பிடித்தாள். பாப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. உதடு துடித்தது.

"நீங்கதானே சொன்னீங்க, நல்லா இல்லாததைக் குடுக்க மாட்டேன்னு. தெரியாமக் குடுத்துட்டீங்கன்னு நெனச்சு நான் சொன்னா, என்னைத் திட்டறீங்க."

இதற்கு என்ன பதில் சொல்வது? பதிலுக்குப் பஞ்சமே இல்லாத அக்கா அன்று, "போ, போய் வேலையப் பாரு" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த வாரம் அந்தப் பையன் தன் அண்ணனையும் அண்ணியையும் கூட்டிக்கொண்டு வந்தான். உள்ளே நுழைந்ததும் கேட்டது அக்காவை இல்லை. "அந்தப் பெரிய மீசைக்காரர் இருக்காரா?" என்று கேட்டான். பிறகு அண்ணியின் தோழி வந்தார். தோழியின் அலுவலகத்தில் இருந்து இருவர். எல்லோரும் அக்காவிடம்தான் ஃப்ரேம் பார்ப்பார்கள். அவள் சொல்வதையெல்லாம் புன்னகையோடு கேட்பார்கள். கேட்டுவிட்டு, "அவரைக் கொஞ்சம் கூப்பிடுங்களேன்" என்பார்கள். அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும். தொழிலை இவள் கற்றுக் கொடுத்திருக்கிறாள்; பெயர் அவனுக்கு.

ஆனாலும் அவள் கெட்டிக்காரி. கொஞ்ச நாளில் ஒரு வழி கண்டுபிடித்தாள். பாப்பாவைக் கூப்பிடுவதற்கு முன்னால், கடையின் மறுகோடியில் நிற்கும் அவன் நெற்றியை ஓரக்கண்ணால் பார்ப்பாள். சுருங்கியிருந்தால், "இதைவிட நல்லதா ஒண்ணு இருக்கு" என்று சொல்லி அதைக் கழற்றிவிடுவாள். சுருங்காத ஃப்ரேம் வந்த பிறகுதான் கூப்பிடுவாள். பாப்பா "ஆமா, இது நல்லாயிருக்கு" என்பான். அதோடு சரி, நேராக பில் போடப் போய்விடுவார்கள். பேரம் இல்லை, வீட்டில் கேட்டுவிட்டு வருகிறோம் என்பது இல்லை. முன்பு போல் பேசிப் பேசிச் சாயங்காலம் தொண்டை கட்டவில்லை என்பதையும் அக்கா கவனித்தாள். விற்பனை கூடியது. அது யாரால் கூடியது என்று மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பாப்பாவை வைத்துக்கொண்டு வேலை பார்ப்பது லேசானதில்லை. சில நாள் வந்ததும், "இன்னிக்கு எனக்கு யார்கூடயும் பேசப் பிடிக்கல" என்று அறிவித்துவிட்டுத் தொட்டியடியில் போய் நின்றுவிடுவான். யாராவது நல்ல சாப்பாடு கொண்டுவந்தால் டப்பாவையே பார்த்துக்கொண்டிருப்பான். கொடுத்தால் வெட்கமே இல்லாமல் வாங்கிக்கொள்வான். ஒருநாள் முதலாளியிடம், "ஏன் சார் இன்னிக்கு உங்க மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கு?" என்று கேட்டுவிட்டான். எல்லோருக்கும் மூச்சு நின்றது. முதலாளி திட்டவில்லை. "தம்பிக்கு உடம்பு சரியில்லப்பா" என்றார். அவருக்குத் தம்பி ஒருவர் இருப்பதே அன்றுதான் கடைக்குத் தெரியும்.

கண் பரிசோதிக்கும் பெண்ணும் பில் போடுகிற பெண்ணும் எத்தனையோ காலமாகப் பேச்சு வார்த்தை இல்லாதவர்கள். ஒருத்தி சீட்டை மேஜையில் வைப்பாள், மற்றவள் அவளைப் பார்க்காமல் எடுத்துக்கொள்வாள். எல்லோரும் அதைச் சுவர் மாதிரி சுற்றிப் போகப் பழகிவிட்டிருந்தார்கள். பாப்பா ஒருநாள் நடுவில் நின்று, "நீங்க ரெண்டு பேரும் ஏன் பேசிக்க மாட்டேங்கறீங்க?" என்றான். இருவரும் முறைத்தார்கள். பிறகு இருவரும் யோசித்தார்கள். உருப்படியான காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை. மத்தியானம் ஒரே மேஜையில் சாப்பிட்டார்கள். அக்கா அதைப் பார்த்து, சமாதானம் செய்துவைப்பதாகத் தான் இத்தனை நாள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இனிக்க இனிக்கப் பேசியது என்ன ஆயிற்று என்று நினைத்துக்கொண்டாள்.

அக்காவின் வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். சட்டையில் கிரீஸ் இல்லாமல் வீட்டுக்கு வந்ததில்லை, பேச்சும் அளவுதான். ஒரே மகள், பன்னிரண்டு வயது. ஒருநாள் அக்கா வேலை முடிந்து வந்தபோது மகள் தன் தலைமுடியைத் தானே கத்தரித்துக்கொண்டு நின்றாள். அக்கா பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அழகா இருக்குடி. ரொம்ப எடுப்பா இருக்கு."

மகள் தலையாட்டிவிட்டு அப்பாவிடம் போனாள். "அப்பா, நீ சொல்லு." அவர் அவளைச் சுற்றித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பின்னாடி கோணலா இருக்கு" என்றார். மகள் முகம் வாடும் என்று அக்கா எதிர்பார்த்தாள். வாடவில்லை. கத்தரிக்கோலைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்துவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"நான் சொன்னா நம்ப மாட்டியா?" என்று அக்கா விளையாட்டாகக் கேட்டாள்.

"நீ எல்லாத்தையும் நல்லாயிருக்குன்னுதான்மா சொல்லுவே" என்றாள் மகள். அதில் கோபமும் இல்லை, குறையும் இல்லை. மழை பெய்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னாள். அக்காவுக்கு வலித்தது. அன்று கழுவ வேண்டிய பாத்திரம் கொஞ்சம்தான். அவள் வெகுநேரம் கழுவினாள்.

இந்த நேரத்தில்தான் முதலாளி அடுத்த தெருவில் இரண்டாவது கடை திறப்பதாகச் சொன்னார். அதற்குப் பொறுப்பாக ஒருவர் வேண்டும். அக்காவுக்கு அந்தப் பதவியின் பெயரோ மரியாதையோ பெரிதாகத் தோன்றவில்லை. அவளுக்கு வேண்டியது நாற்காலி. கண்ணாடிக் கடையில் வாங்க வருகிறவர்தான் உட்காரலாம். விற்கிறவர் நிற்க வேண்டும். காலையில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினால் கடை சாத்தும் வரைக்கும் நிற்பதுதான். ராத்திரி கால் இரண்டும் வீங்கிப் போகும்; நரம்பு முடிச்சுகளை மகள் கண்ணில் படாமல் சேலைக்குள் இழுத்துக்கொள்வாள். பொறுப்பாளருக்கு ஒரு மேஜை, ஒரு நாற்காலி. அக்கா ஆசைப்பட்டது அவ்வளவுதான், ஆனால் ரொம்பவே ஆசைப்பட்டாள்.

முதலாளி ஒரு நிபந்தனை போட்டார். அவர் ஒரு தடவை யார் பேச்சையோ கேட்டு அகல அகலமான வெளிநாட்டு ஃப்ரேம்கள் ஒரு பெட்டி வாங்கிவிட்டிருந்தார். தீராமல் கிடந்தன. "இந்த மாசத்துக்குள்ள அதைத் தீர்த்துக் குடுத்துடுங்க அக்கா. புதுக் கடை உங்க பொறுப்பு." அக்கா சிரித்துக்கொண்டே சரி என்றாள். நிஜமாகவே தீர்த்தாள். பெரிய முகம் உள்ளவர்களாகப் பார்த்து, அவர்களுக்குப் பொருந்துவதாகப் பார்த்து, பாப்பாவின் நெற்றியையும் பார்த்து விற்றாள். கடைசியாக ஒன்று மட்டும் மிஞ்சியது. எல்லாவற்றிலும் அகலமானது, விலையும் கூடியது.

மாசக் கடைசியில் நூலகத்தில் வேலை பார்க்கும் அம்மாள் ஒருவர் வந்தார். ஓய்வு பெறப் போகிறாராம். ஓய்வு பெறுகிறவர்களைப் படம் எடுத்து நூலகத்துச் சுவரில் மாட்டுவார்களாம். பழைய கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். லென்ஸ் விரல் கனம் இருந்தது.

"சின்ன வயசுலேர்ந்து சோடாபுட்டின்னுதான் பேரு" என்று சிரித்தார். "எந்தப் படத்துலயும் நான் தலையைக் குனிஞ்சுட்டுதான் நிப்பேன். இந்த ஒரு படத்துலயாவது நிமிர்ந்து நிக்கணும்னு ஆசை. இங்க ஒருத்தர் பொய்யே சொல்ல மாட்டாராமே, எங்க நூலகத்துல ஒரு பொண்ணு சொன்னா."

அக்காவுக்கு இந்தத் தொழில் தெரியும். இத்தனை பவருக்கு அகலமான ஃப்ரேம் ஆகாது. லென்ஸ் ஓரம் தடித்துப் போகும், கண் புள்ளியாகச் சுருங்கும், கன்னம் இரண்டு பக்கமும் வெட்டுப்பட்ட மாதிரி தெரியும். சின்னதாக, வட்டமாக ஒன்று போட்டால் பாதிக் கனம் மறைந்துவிடும். அப்படி ஒன்று அவள் கைக்கு எட்டுகிற தட்டிலேயே இருந்தது. அவள் கை அதைத் தாண்டிப் போய் அகலமானதை எடுத்தது.

அம்மாள் போட்டுக்கொண்டு கலங்கலில் தன்னைத் தேடினார். "எனக்கு ஒண்ணுமே தெரியல. அவரைக் கூப்பிடுங்க."

"இதோ கூட்டிட்டு வரேம்மா" என்று அக்கா பின்பக்கம் போனாள். பாப்பா தொட்டியடியில் நின்று ஃப்ரேம்களைத் துடைத்துக்கொண்டிருந்தான். அக்கா மெதுவாகச் சொன்னாள்.

"பாப்பா, இந்த ஒரு தடவை மட்டும் நல்லாயிருக்குன்னு சொல்லிடு. எனக்காக."

அவன் திரைச்சீலை இடுக்கு வழியாக அந்த அம்மாளை எட்டிப் பார்த்தான். நெற்றி சுருங்கியது.

"நல்லா இல்லையே அக்கா."

"தெரியும். இது வித்துப்போச்சுன்னா எனக்கு அந்தக் கடை கெடைச்சுடும். உக்காந்து வேலை பாக்கலாம்."

பாப்பா அவள் காலைப் பார்த்தான். "ரொம்ப வலிக்குதா?"

"வலிக்குது பாப்பா." பேரம் பேசுகிற இடத்தில் அக்கா உண்மை சொன்னது அபூர்வம். அதையும் காரியத்துக்காகத்தான் சொன்னாள்.

அவன் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான். அந்த அம்மாள் அவன் பக்கம் முகத்தைத் தூக்கிக் காட்டினார், கண் பரிசோதிக்கிறவர்களிடம் காட்டுகிற மாதிரி. பாப்பா அவரைப் பார்க்காமல் பின்னால் இருந்த சுவரைப் பார்த்து, "நல்லாயிருக்குங்க" என்றான். காது இரண்டும் சிவந்து போயிருந்தன. பவர் கண்ணாடி இல்லாத அந்த அம்மாளுக்கு அது தெரிய வழியில்லை.

அதன் பிறகு பாப்பா சாட்சி சொல்வதை விட்டுவிட்டான். கேட்டு வந்தவர்களிடம், "எனக்குத் தெரியாதுங்க, அக்காகிட்ட கேளுங்க" என்று தொட்டியடிக்குப் போய்விடுவான். மத்தியானம் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டான். அக்கா அவனுக்குப் பிடித்ததாகக் கொண்டுவந்து டப்பாவைத் தள்ளினாள். "வேணாம் அக்கா" என்றான். அவன் சாப்பாட்டை வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"எம்மேல கோவமா?"

"உங்க மேல இல்ல. எனக்கு எம்மேலதான் ஒரு மாதிரியா இருக்கு" என்று சொல்லிவிட்டு டப்பாவை மூடினான்.

முதலாளி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பெயின்ட் வாசனை போகாத புதுக் கடைக்கு அக்காவை அழைத்துப் போய்க் காட்டினார். நாற்காலி வந்துவிட்டிருந்தது, அட்டை பிரிக்காமல். அக்கா உட்கார்ந்து பார்த்தாள். சுகமாக இருந்தது. இந்தச் சுகம் எனக்கு வேண்டாம் என்று அவளுக்கு ஒருகணமும் தோன்றவில்லை. பாப்பா இரண்டு நாளில் சரியாகிவிடுவான் என்று சொல்லிக்கொண்டாள்.

கண்ணாடி தயாராகி, நூலகத்து அம்மாள் வாங்க வந்த அன்று முதலாளியும் கடையில் இருந்தார். பாப்பா துடைத்த ஃப்ரேம்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தான். அக்கா பெட்டியைத் திறந்து, மெல்லிய துணியால் ஒரு தடவை துடைத்து, அவர் காதில் மாட்டிவிட்டாள். இப்போது லென்ஸில் பவர் இருந்தது. அம்மாள் நிலைக்கண்ணாடியில் முதல் தடவையாக அந்த ஃப்ரேமில் தன்னை முழுசாகப் பார்த்தார். ஓரமெல்லாம் தடித்து, கண் உள்ளே போய், அக்கா நினைத்த மாதிரியேதான் இருந்தது. அவர் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார், அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். சண்டை போடப் போகிறார் என்று அக்கா மனசுக்குள் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டாள். புதுசு என்றால் அப்படித்தான் இருக்கும்மா. நாலு நாள் போட்டால் முகம் பழகிவிடும்மா.

அம்மாள் சண்டை போடவில்லை. இறங்கிப்போன குரலில் பாப்பாவைப் பார்த்துச் சொன்னார். "பரவாயில்ல. நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. அப்ப என் மூஞ்சிதான் இப்படி."

அவர் ஃப்ரேமைக் குறை சொல்லியிருந்தால் அக்கா சமாளித்திருப்பாள். தன் முகத்தைக் குறை சொன்னார். துடைக்கிற துணி அக்காவின் கையில் அப்படியே நின்றது.

பாப்பா இரண்டு எட்டில் முன்னால் வந்தான். "இல்லைங்க. உங்க மூஞ்சி நல்லாத்தான் இருக்கு. நான் பொய் சொல்லிட்டேன்."

முதலாளி எழுந்து வந்தார். "என்ன சொல்ற? எதுக்குப் பொய் சொன்னே?"

பாப்பா கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"யாராவது சொல்லச் சொன்னாங்களா?"

பாப்பா தரையைப் பார்த்தான். மீசைக்குக் கீழே உதடு துடித்தது. தன்னைப் பற்றிய உண்மையை மறைக்க அவனுக்குத் தெரியாது. இன்னொருத்தியைப் பற்றியதைச் சொல்லவும் அவனுக்கு வாய் வரவில்லை. "இந்தக் கடைப் பேரையே கெடுத்துட்டே. கணக்கை முடிச்சுக்கிட்டுப் போ" என்றார் முதலாளி. சத்தம் போடாமல்தான் சொன்னார்.

அக்காவிடம் அந்த நேரத்துக்கும் வாக்கியங்கள் இருந்தன. பாவம் சார், வெகுளி, ஏதோ தெரியாமல் சொல்லிவிட்டான், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஆரம்பித்தால் முதலாளி இறங்கி வந்துவிடுவார். பாப்பாவின் வேலையும் தப்பும், நாற்காலியும் தப்பும். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அவள் அந்த அம்மாளைப் பார்த்தாள். அவர் இன்னும் நிலைக்கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், தலையைக் குனிந்தபடி.

"நான்தான் சொல்லச் சொன்னேன் சார்" என்றாள் அக்கா. குரல் அவளுக்கே பழக்கமில்லாததாக இருந்தது. "அவன் மாட்டேன்னுதான் சொன்னான். இது அவங்களுக்குச் சேராதுன்னு எனக்கு எடுக்கும்போதே தெரியும். சேர்றதும் பக்கத்துலயே இருந்துச்சு. அந்தப் பெட்டி தீரணும்னு நான்தான் இதைக் குடுத்தேன்."

முதலாளி அந்த அம்மாள் முகத்தில் இருந்த அகலக் கண்ணாடியைப் பார்த்தார். "புதுக் கடைக்கு நான் வேற ஆள் பாத்துக்கறேன் அக்கா" என்றார்.

"சரி சார்."

"இவங்களுக்கு வேற கண்ணாடி செஞ்சு குடுங்க. பாப்பா, நீ போய் வேலையப் பாரு." அவர் தன் இடத்துக்குப் போய்விட்டார்.

அக்காவுக்கு அழுகை வந்தது. கடையில் அழுது அவளுக்குப் பழக்கம் இல்லை. அவமானமா, கால் வலியா, பாப்பா வேலை தப்பியதில் வந்த நிம்மதியா என்று அவளுக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. புறங்கையால் துடைத்துக்கொண்டு, "மன்னிச்சுக்கங்கம்மா" என்றாள். அந்த அம்மாள் அகலக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கழற்றியதும் அவர் முகம் வெறுமையாக, கொஞ்சம் தடுமாறி, எதிரே யார் நிற்கிறார்கள் என்றே தெரியாமல் நின்றது.

அக்கா அந்தச் சின்ன வட்ட ஃப்ரேமை எடுத்துப் போட்டுவிட்டாள். "இருங்கம்மா, பாப்பாவைக் கூப்பிடறேன்."

"அவரு வேணாம்" என்றார் அம்மாள். "நீங்க சொல்லுங்க. எப்படி இருக்கு?"

அக்காவின் வாய் பழக்கத்தில் திறந்தது. மூடிக்கொண்டாள். முழங்கால் வலியைப் பொறுத்துக்கொண்டு குனிந்து, தன் முகத்தை அந்த முகத்துக்கு நேராகக் கொண்டுவந்தாள். புருவம் எங்கே இருக்கிறது, மூக்கில் ஃப்ரேம் எப்படி உட்கார்ந்திருக்கிறது, அழுத்தி வைத்த உதட்டுக்குப் பக்கத்தில் எத்தனை கோடுகள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அந்த அம்மாள் தலையைக் குனியாமல் காத்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் இருங்கம்மா" என்றாள் அக்கா. "நான் இன்னும் சரியாப் பாக்கல."